இரண்டாவது தக்பீர்

"இறந்தோரை வைக்கும் இடங்களுக்கு மனிதன் சூட்டிய பெயர்களில்தான் நாகரிகத்தின் முழு வரலாறும் உறங்குகிறது."

கலாநிதி றாஸிக் இதைச் சொன்னபோது, அவருடைய வாப்பா பள்ளி முற்றத்தில், சந்தூக்குப் பெட்டிக்குள், வெயிலில் கிடந்தார்.

தொழுகைக்கு முன் இரண்டு வார்த்தை பேசும்படி மௌலவி மரியாதைக்குக் கேட்டிருந்தார். மாலை அசர் தொழுகை முடிந்து தொடங்கிய இரண்டு வார்த்தை இன்னும் முடியவில்லை.

மோர்ச்சுவரி லத்தீனாம். 'மோர்ட்டுவஸ்' என்றால் இறந்தவன். செமட்டரி, கிரேக்கத்தில் புறப்பட்டு லத்தீன் வழியாக வந்ததாம், உறங்கும் இடம். சாம்பல் வைக்கும் மாடத்துக்குக் கொலம்பேரியம். அதன் முதற்பொருள் புறாக்கூடு.

"புறாக்கூடா! சுபுஹானல்லாஹ்!" என்றார் பள்ளித் தலைவர் ஷரிபுதீன் ஹாஜியார்.

முன்வரிசை தலையாட்டியது.

தம்பி முபீன் மட்டும் தலையாட்டவில்லை.

தன் ஜனாஸாத் தொழுகையை மூத்தவன்தான் நடத்த வேண்டும் என்று வாப்பா முபீனிடம் கையடித்து வாக்கு வாங்கியிருந்தார். மூத்தவரோ லண்டன் போனபின் பள்ளிப் பக்கம் போனதாகத் தகவல் இல்லை.

இறந்தவருக்காகத் தொழும் இது மற்றத் தொழுகைகள் போலல்ல. குனிவதில்லை, நெற்றியை நிலத்தில் வைப்பதில்லை. 'அல்லாஹு அக்பர்' என்று சொல்லும் நான்கு தக்பீரும் நின்றபடியே.

பேச்சு மூச்சு வாங்கிய இடத்தில் முபீன் மூத்தவரின் காதருகே போனான்.

"காக்கா, ஞாபகமிரிக்கா? குனியக் கூடா. நிண்டபடிதான்."

"எனக்குப் படிப்பிக்க வாறியாடா? பொறு, மோசோலியம் இன்னும் சொல்லல்ல."

மோசோலியம் ஓர் அரசனின் பெயராம். அந்த அரசன் முடிவதற்குள் வெயில் மினாராவின் உச்சிக்கு ஏறிவிட்டது.

"இவரு முடிக்கிறதுக்குள்ள நாமளும் மௌத்தாகிருவம் போல" என்றார் கபுறுக் குழி வெட்டிவிட்டு வந்து வாசலில் நின்றவர்.

ஒருவழியாகக் கலாநிதி சந்தூக்கை முன்னால் வைத்து நின்றார்.

முதல் தக்பீர். கையைக் கட்டினார். சரிதான். முபீனுக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது தக்பீர்.

கலாநிதி இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முதுகை நேராக்கி, அழகாகக் குனிந்தார்.

தொழுவிப்பவர் பிழைவிட்டால் பின்னால் நிற்பவர் 'சுபுஹானல்லாஹ்' என்று சொல்லித் திருத்த வேண்டும். முபீன் காத்திருந்தான். புறாக்கூட்டுக்குச் சொன்ன வாயும் திறக்கவில்லை.

கடைக்கண்ணால் பார்த்தான். ஹாஜியாரின் தொப்பி அவன் முகத்துக்கு நேரே இருந்தது.

முபீனும் குனிந்துதான் நின்றான்.