மீசையை எடுக்க வைத்த பேர்

"இந்தப் பேரை நான் ஒரு தடவை சொல்லி முடிக்கிறதுக்குள்ள, உங்களுக்குப் பின்னாடி நிக்கிற வரிசையே கலைஞ்சு வீட்டுக்குப் போயிடும்மா" என்றார் பிறப்புப் பதிவு அலுவலகக் குமாஸ்தா.

வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. பிள்ளைக்குப் பேர் பதிய வந்திருந்த தையல்காரி சிரிக்கவில்லை. கண்ணாடித் தடுப்பின் முன் குனிந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை எடுத்துட்டு இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

அவள் குரல் எப்போதும் கொஞ்சம் ஓங்கித்தான் இருக்கும். கன்னத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கையைக் குமாஸ்தா சட்டென்று எடுத்து, வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பேரைச் சொன்னார்.

"நடுவுல ஒண்ணு போயிடுச்சு சார்."

"பாத்தீங்களா! எழுத வந்தாலும் இதே கதைதான். ரெண்டு ஃபாரம் தப்புத் தப்பா எழுதிக் கிழிச்சாச்சு. நாளைக்கு ஸ்கூல்ல ஒவ்வொரு டீச்சரும் ஒவ்வொரு விதமா எழுதுவாங்க. பசங்க கேலி பண்ணுவாங்க. பேசாம முதல் பாதியை மட்டும் போட்டுடுவோமா? இன்னிக்குத்தான் கடைசி நாள். பேர் ரிஜிஸ்டர்ல ஏறிட்டா அப்புறம் என்னாலயும் மாத்த முடியாது."

பக்கத்தில் நின்ற அவள் புருஷன், பெயிண்டர், நகக்கண்ணில் காய்ந்திருந்த பச்சைப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டு நின்றான். ஆறு மாதமாக இந்த வழக்கை வீட்டில் பார்க்கிறான். தீர்ப்பு எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியும்.

அவனுடைய அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஊரிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்தவள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்திருந்தாள்.

"நல்லா எடுத்துச் சொல்லுங்க சார்!"

பெயிண்டர் மனைவியின் முழங்கையைத் தொட்டான். அவள் திரும்பினாள். நாத்தனார் குமாஸ்தாவிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"நான் எத்தனை பேரு எடுத்துக் குடுத்தேன்! ரெண்டெழுத்து, மூணெழுத்து, எல்லாம் தேன் மாதிரி. அத்தனையும் ஒரே மாதிரி இருக்குன்னு தள்ளிட்டா சார். ஒண்ணு பூ பேரு, ஒண்ணு ஆத்துப் பேரு, ஒண்ணு எங்க அத்தை பேரு. எப்படிம்மா ஒரே மாதிரி ஆகும்?"

"எனக்கு ஒரே மாதிரிதான் இருந்துச்சு அண்ணி."

"கேட்டீங்களா? வயித்தைத் தள்ளிக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு பேரு தேடினவ உலகத்துலயே இவ ஒருத்திதான். அதுகூடப் போகட்டும். இந்தப் பேரைச் சரியாச் சொல்லணும்னு என் தம்பியை மீசையை எடுக்க வச்சுட்டா! பதினஞ்சு வருஷ மீசை சார்!"

குமாஸ்தா தன்னுடைய அடர்ந்த மீசைக்குள் சிரித்தார். "பேருக்கும் மீசைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

பெயிண்டர் வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டான். இன்னும் பழகவில்லை.

தையல்காரி கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பினாள். "எழுதுறதை அழிச்சுத் திருத்திக்கலாம் சார். கேலி பண்ணினா எம் பொண்ணு பாத்துப்பா. ஆனா அவளைக் கூப்பிடுறவங்க வாய் நிறையக் கூப்பிடணும். பாதியா வெட்டினா அது வேற யாரோ ஒருத்தி. முழுசாப் போடுங்க."

குமாஸ்தா பெருமூச்சு விட்டார். மூன்றாவது ஃபாரத்தை எடுத்தார். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிச் சொல்லி எழுதினார். அவளும் உதடு பிரித்துக் கூடவே சொன்னாள். கடைசியில், வீம்புக்கு ஒரு தடவை, பேரை முழுசாக நிறுத்திச் சொன்னார்.

அவள் முகம் பூரித்துப் போனது. "அதேதான் சார்! ஒண்ணுகூட விழல!"

கையெழுத்துப் போட்டாள். நாத்தனாரிடமிருந்து பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, பட்டம் வாங்கியவள் மாதிரி நிமிர்ந்து வாசலைப் பார்த்து நடந்தாள்.

"அம்மா! பேனாவை விட்டுட்டுப் போறீங்க! அம்மா!"

குமாஸ்தா போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அவள் திரும்பவில்லை.

"அதான் கேட்டபடி போட்டுக் குடுத்துட்டேனே, இன்னும் என்ன கோபம்?"

"கோபமெல்லாம் இல்ல சார்." பெயிண்டர் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகினான். "பதினோரு வயசுல வந்த காய்ச்சல்ல அவளுக்கு ரெண்டு காதும் போயிடுச்சு. யார் பேசினாலும் உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவா. நாளைக்கு ஸ்கூல் வாசல்ல நூறு பிள்ளைங்களை நூறு பேரு கூப்பிடுவாங்க. அதுல தன் பொண்ணைக் கூப்பிட்டா தூரத்துல இருந்தே தெரியணும்னு, வேற எந்தப் பேரு மாதிரியும் வாய் அசையாத பேராத் தேடிப் புடிச்சிருக்கா."

பையை எடுக்கப் போன அக்காவின் கை அப்படியே நின்றது. "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா?"

"யாரும் பாவம் பாத்து சரின்னு சொல்லக் கூடாதுன்னுட்டாக்கா." அவன் குரலில் கர்வம் ததும்பியது.

வாசலில் நின்று தையல்காரி இவர்களைத் திரும்பிப் பார்த்தாள். குமாஸ்தா எழுந்து நின்று, மீசையை இரண்டு விரலால் மேலே ஒதுக்கிக்கொண்டு, சத்தமே வராமல் அந்தப் பேரைச் சொன்னார்.

"எம் பொண்ணைத்தானே சார் கூப்பிட்டீங்க?" என்று வாசலிலிருந்து ஓங்கி வந்தது பதில்.