நாலாவது கண்

மூன்று கண்கள் தெளிந்துவிட்டன. நான்காவது மட்டும் மறுபடியும் கலங்கிப்போயிருந்தது.

அர்ஃபா நாற்காலியில் சாய்ந்தாள். வெளியே வெள்ளைக் களிமண் ஏற்றிய லாரி ஒன்று பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பியது. ஜன்னல் கம்பி கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்கியது.

பெங்களூரில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்காக, விருத்தாசலத்தில் வீட்டிலிருந்தபடியே லென்ஸ் வடிவமைப்பவள் அவள். இப்போது கையில் இருப்பது, கண்ணுக்குள் படம் எடுக்கும் கையடக்கக் கேமரா.

கேமரா ஒன்றுதான். அதன் முன்னால் வரப்போகும் கண்கள் வேறு வேறு. அதனால் மென்பொருளில் ஒரே வடிவமைப்புக்கு நான்கு கான்ஃபிகரேஷன், கண்ணுக்கு ஒரு பத்தியாக, வைத்திருந்தாள். நல்ல கண் ஒன்று. கிட்டப்பார்வைக் கண் ஒன்று. தூரப்பார்வைக் கண் ஒன்று. நான்காவது, பிறவிக் கண்புரைக்காக உள்ளிருந்த லென்ஸையே எடுத்துவிட்ட குழந்தையின் கண்.

கேமராவின் லென்ஸ்கள் நான்குக்கும் பொது. ஒன்றுக்காக ஒரு வளைவை மாற்றினால் நான்கிலும் மாறிவிடும். கண்ணுக்குக் கண் மாறக்கூடியது கடைசி இரண்டு லென்ஸ்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மட்டுந்தான்.

வாரக்கணக்கில் இதே இழுபறி. நான்காவதைத் தெளியவைத்தால் மற்ற மூன்றும் கெடும். மூன்றையும் திருத்தினால் இது கலங்கும்.

காலையில் டீம் லீடர் தர்மராஜ் ஃபோனில் சொல்லிவிட்டார்.

"நாலாவத எடுத்துடுங்க அர்ஃபா. அந்தக் குழந்தைங்கள எப்படியும் மயக்கம் குடுத்துதான பாக்குறாங்க, பெரிய மெஷின்லயே பாத்துக்கட்டும். மத்தியானம் பட்டறைக்கு டிராயிங் போயாகணும்."

"சரிங்க சார்" என்றிருந்தாள்.

நான்காவது பத்தியைத் தேர்ந்தெடுத்தாள். நீக்கவா என்று மென்பொருள் கேட்டது. விரல் அழுத்தவில்லை.

அழிப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை என்று, அந்தப் பத்தியின் கட்டங்களை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். இடைவெளிக்கு நேராக இருந்த எண்ணில் கண் நின்றது. அது மூன்றாவது கண்ணின் எண். கடைசி இலக்கம் வரைக்கும் அதே எண்.

பக்கத்தில் ஒரு குட்டி எழுத்து. இந்தக் கட்டம் இன்னொரு கட்டத்தைப் பார்த்து எழுதுகிறது என்பதற்கான குறி.

நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில், தூரப்பார்வைக்குக் கிட்டத்தில் வருகிறதே என்று மூன்றாவதை அப்படியே நகலெடுத்துத்தான் நான்காவதை உண்டாக்கியிருந்தாள். எண்களோடு பிணைப்பும் சேர்ந்து வந்திருக்கிறது. மூன்றாவது எங்கே நின்றதோ அங்கேயே நான்காவதும் நின்றிருக்கிறது. தானாக நகர அதற்கு வழியே இருந்ததில்லை.

கையைக் கட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டு, ஏன் நீந்தவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிணைப்பை எடுத்தாள். இடைவெளியைத் தன்பாட்டுக்கு விட்டாள். ஓட்டினாள்.

பாதியில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது. கழுத்தில் வியர்வை இறங்குவதைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

படம் எவ்வளவு கலங்குகிறது என்று காட்டும் பிழையின் எண் மெல்ல இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. பிறகு மளமளவென்று சரிந்தது. திரையில் சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒன்றையொன்று நெருங்கி வட்டத்துக்குள் போய் அடங்கின.

முதல் கண்ணைப் பார்த்தாள். கெடவில்லை. இரண்டாவது, மூன்றாவது. கெடவில்லை. லென்ஸ்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா? இல்லை. குழலுக்குள் நகர இடம் போதுமா? போதும். கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

நம்பாமல் ஃபைலை மூடித் திறந்தாள். அப்படியே இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்."

குரல் எழவில்லை, மூச்சுதான் வந்தது. இறுகிக் கிடந்த தோள்கள் இரண்டும் தாமாகத் தளர்ந்தன. மேஜையில் டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. அதை அப்படியே குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் தர்மராஜ் கூப்பிட்டார்.

"நாலும் நிக்குதே! எப்படிங்க?"

"ஒரு எடத்துல கட்டிப்போட்டு வெச்சிருந்தேன் சார். அவுத்து வுட்டேன்."

அவர் சிரித்தார். "மத்த மூணு கண்ணும் புத்தகத்துல உள்ளது. நாலாவது அளவு எங்க கெடச்சுது? ரிப்போர்ட்ல கேப்பாங்க."

"பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில அளந்தது சார். மூணு வயசு முடிஞ்ச பொண்ணு."

"வீட்ல சம்மதம் வாங்கிட்டீங்களா?"

"அம்மாகிட்ட கேட்டாச்சுங்க சார்."

ஃபோனை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். சபா தூங்கி எழுந்து, தலையணைப் பக்கம் கையால் துழாவிக்கொண்டிருந்தாள். அர்ஃபா அந்தக் கனத்த கண்ணாடியை எடுத்து மகளுக்கு மாட்டிவிட்டாள். தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நாளு போவட்டும் கண்ணு. அப்புறம் ஆஸ்பத்திரியில உன்ன தூங்க வெக்க மாட்டாங்க. இப்படியே அம்மா மடியில உக்காந்துக்கலாம். படம் புடிச்சிட்டு வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

சபா யோசித்தாள். மயக்கம் கொடுக்கும் நாட்களில் விடிந்ததிலிருந்து அவளுக்குக் குடிக்கக்கூட ஒன்றும் தரமாட்டார்கள்.

"அப்ப, பால் குடிச்சிட்டு போலாமா?"

"குடிச்சிட்டே போலாம்."