யாரும் பார்க்கவில்லை

முகமூடி போட்டவன் கேமராக் கம்பத்தில் ஏணியைச் சாய்த்ததும் லார்ச் தெருவின் ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பட்டப்பகல். நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டால் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்கு முதலில் பார்க்காமல் இருக்க வேண்டும். கண்ணியமான தெரு, பொய் சொல்லாது.

லண்டனின் விளிம்பெங்கும் முகமூடி ஆட்கள் வந்து பழைய வண்டிகளைப் படம் பிடிக்கும் புகை வரிக் கேமராக்களை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜனங்கள் அவர்களுக்கு வெட்டுக்கிளி என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். லார்ச் தெருவில் மட்டும் ஒரு வெட்டுக்கிளியையும் யாரும் பார்த்ததில்லை. இன்றுதான் வந்திருக்கிறது.

குழாய் ரிப்பேர் செய்யும் நோரிஸ் வெளியே ஓடி வந்தார். அந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற ஒரே வழி அந்தக் கேமராவுக்குக் கீழேதான். அவருடையது பழைய டீசல் வேன். வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரை பவுண்டு புகை வரியை அவரே ஆன்லைனில் கட்டிவிட வேண்டும். வேனை விற்கலாமென்றால் பழைய இரும்பு விலைக்குக் கேட்கிறார்கள். வேன் போனால் தொழிலும் போயிற்று.

"தம்பி, ஏணி ஆடுது. நான் பிடிச்சுக்கறேன், நீ ஜோலியப் பாரு."

மேலே இருந்தவன் குனிந்து பார்த்தான். "முட்டை கிட்டை அடிச்சிட மாட்டீங்களே?"

"உன்னையா? உனக்குச் சிலை வைக்கணும்யா!" என்று சொல்லிவிட்டு நோரிஸ் கண்ணைத் தரையில் நட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை இடைத்தேர்தல். வேட்பாளர் பிலிப்பா ஹார்ட்நெல் துண்டறிக்கைகளோடு அந்தப் பக்கம் வந்தார். ஏணியைக் கண்டதும் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"சட்டத்தைக் கையில எடுக்கறதை எங்க கட்சி வன்மையாக் கண்டிக்குது, நோரிஸ்," என்றார் தெருவுக்கே கேட்கும்படி. பிறகு மெல்ல, "இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

"சும்மா நிக்காம நீங்களும் ஒரு கை கொடுங்க மேடம்."

"யாராவது போட்டோ எடுத்துட்டா?"

"ஓட்டுக் கேக்கறப்ப மட்டும் வீடு வீடாக் கை கொடுக்கறீங்க!"

பிலிப்பா திரும்பாமலேயே ஒரு கையைப் பின்னால் நீட்டி ஏணியைப் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டு மிசஸ் பிரிட்சர்ட் டீயும் பேக்கன் ரொட்டியும் கொண்டு வந்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வந்ததால் பாதி டீ நோரிஸின் பூட்ஸில் கொட்டியது.

அப்போதுதான் போலீஸ்காரர் ஒருவர் தெருமுனையில் திரும்பினார். மிசஸ் பிரிட்சர்டைக் காணோம். பிலிப்பாவின் கை துண்டறிக்கைக்குத் தாவிவிட்டது. நோரிஸ் மட்டும் ஏணியை விடவில்லை. ஜெயிலுக்குப் போனாலும் அங்கே புகை வரி கிடையாது.

போலீஸ்காரர் அண்ணாந்து பார்த்தார். "வழுக்கும், பாத்து இறங்கு," என்று மேலே சொல்லிவிட்டுத் தன் போக்கில் போய்விட்டார்.

"அந்த ஆளும் பழைய டீசல்தான் வச்சிருப்பான்," என்றார் நோரிஸ், மூச்சை விட்டு.

"போலீசே நம்ம பக்கம்!" பிலிப்பாவின் கை மறுபடி ஏணிக்கு வந்தது. "இன்னிக்குக் கூட்டத்துல இதைச் சொல்லாம விடமாட்டேன்."

மேலே ஏதோ கிளிக்கென்றது. அவன் இறங்கி முகமூடியைக் கழற்றினான். நோரிஸ் அவசரமாகக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"முகத்தைக் காட்டாதப்பா! முடிஞ்சுதா, அதை மட்டும் சொல்லு."

"முடிஞ்சுது சார். எவனோ வயரை அறுத்து ரெண்டு வாரமா கேமரா செத்துக் கிடந்தது, இப்ப உயிர் வந்துடுச்சு. ரிப்பேருக்கு வந்தா முட்டை அடிக்கறாங்க, அதான் முகமூடி. உங்க வேனை ஒரு தடவை கீழே ஓட்டுங்க, படம் புடிக்குதான்னு பாத்துடுவோம்."