கூன் முதுகு ஈ

இராஜபாளையத்து ஸ்டூடியோவின் கண்ணாடி மேசையில் காலை வெயில் சரிந்து கிடக்கிறது. சின்னஞ்சிறு ஈக்களை இனங்காணும் ஆசிரியை பத்மாசனி, ஸ்டூடியோக்காரர் சேக் முகைதீன் எடுத்த புகைப்படத்தின்மேல் உருப்பெருக்கியைப் பிடித்திருக்கிறாள். எள்ளளவு ஈ; கூன் முதுகு; இறகு நரம்புகள் ஒவ்வொன்றும் துலங்குகின்றன. மூன்றாண்டுகளாக அவளது படங்களில் மங்கிய புள்ளியாகவே விழுந்த ஈ இதுதான். "மிச்ச ஃபிலிமைத் தீக்க, லென்சைத் திருப்பிப் பிடிச்சு, பெருசாக்கி எடுத்தேன். நீங்க தேடுத ஈயா, டீச்சர்?" என்கிறார் அவர். இவருக்கு ஒரே படத்தில்! உருப்பெருக்கியை அவள் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள். "இல்ல பாய். வாழைப்பழத்துல மொய்க்குமே, அந்த ஈதான்." "அட, அம்புட்டுதானா! ஒங்க பேரைப் போட்டே, பூச்சி ஆராயுத மதுரை காலேசுக்கு அனுப்பச் சொல்லலாம்னுல்ல நெனச்சேன்" என்று சிரித்தபடியே, உருப்பெருக்கியின் அடியிலிருந்து படத்தை உருவி அவர் இரண்டாகக் கிழிக்கிறார்.