ஒரு மணிக்கு நிறுத்தம்

காங்கேசன்துறைக் கந்தோரில் ஐந்து அறைகளுக்கும் சேர்த்து ஒரே கொம்பியூட்டர்தான்; மேசைகளில் இருப்பவை அதிலிருந்து வயர் இழுத்த திரைகள் மட்டும். அதை இயக்கும் பியாட்றிஸ், கணக்காளர் தில்லைநாதனிடம் மறுபடியும் வந்தாள்.

"சேர், ஒரு மணிக்கு மெஷினை நிப்பாட்டப் போறன். பழுது பாக்கவேணும்."

"நாளைக்கு வையும் பிள்ளை. எனக்கு வேலை கிடக்கு."

"ஏலாது சேர்."

அவர் வேகவேகமாகத் தட்டினார். கண் மட்டும் அடிக்கடி சுவர் மணிக்கூட்டுக்குப் போய் வந்தது. ஒரு மணிக்கு அவருடைய திரை இருண்டது.

"இனி நான் என்ன செய்யிறது?"

எழுந்தார். இருந்தார். மறுபடி எழுந்து, குடையையும் எடுக்காமல் ஸ்டேசன் பக்கமாக ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அடுத்த அறையிலிருந்து ஏர்னெஸ்ட் எட்டிப் பார்த்தார். "மெஷின் நிண்டிட்டுது எண்டு சொல்லிக்கொண்டு ஓடுறார். எங்கடை அறையிலை நல்லா வேலை செய்யுதே?"

"ஓம் அண்ணை. அவரின்ரை மேசையை மட்டும்தான் நிப்பாட்டினனான். மகள் இண்டைக்கு ஸ்டேசனிலை கோச்சியேறிப் போய், பிளேன் பிடிச்சு லண்டனுக்குப் போறாள். அவள் தான் விரும்பினவனைக் கட்டினவள் எண்ட கோவத்திலை, வழியனுப்பப் போகாமல் வேலையைச் சாட்டிக்கொண்டு இருந்தவர்."

பின்னேரம் தில்லைநாதன் திரும்பி வந்தார். வெளியே மழையில்லை; சட்டையின் ஒரு தோள்பக்கம் மட்டும் நனைந்திருந்தது. மெஷினில் என்ன பழுது என்று அவர் கேட்கவேயில்லை.