மரம் வெட்ட வந்தவர்

“மரத்தை வெட்டக் கூப்பிட்டா, அதுக்கே வக்காலத்து வாங்குறீங்களே அண்ணே! இது நியாயமா?”

கொல்லைப்புறத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார் கணவர். தொழிற்சாலை ஒன்றில் காவலாளி. வீட்டிலும் அதே குரல்தான்.

மரம் வெட்டுபவர் அசரவில்லை. கொண்டு வந்த ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“இது பூந்திக்கொட்டை மரம் தம்பி. வெட்டினா அரை நாள், வளர்த்தா பத்து வருஷம். கொட்டையை உடைச்சு விதையை எடுத்துட்டு, தோலை மட்டும் வெந்நீர்ல ஊற வைங்க. நுரை பொங்கும். துணிக்கு சோப்பே வேண்டாம்.”

“எங்க வீட்ல சோப்புக்கு ஒண்ணும் பஞ்சமில்ல!”

“சொல்றதைச் சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்.” டீயைக் குடித்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மரத்தை வெட்டச் சொன்னது மனைவிதான். அவள் தையல்காரி. காயப்போட்ட துணியிலெல்லாம் கொட்டை விழுந்து பிசுபிசுவென்று கறையாகிறது என்று தினமும் புலம்பல். ஆனாலும் அன்று சாயங்காலம், பார்ப்போமே என்று ஒரு பிடி கொட்டையைப் பொறுக்கி ஊறவைத்தாள். வாளி நிறைய நுரை.

சோப்புத் தூள் பட்டுப் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஊசி பிடித்தாலே எரியும். இப்படியே போனால் தையலை விட வேண்டியதுதான் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஏணி வந்தது.

“இன்னைக்காவது ஏறுவீங்களா?” என்றார் கணவர்.

“ஏறலாம், ஏறலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு. கறுத்துப்போன வெள்ளிச் சாமான் இருந்தா அந்தத் தண்ணியில போட்டுத் தேய்ங்க. பளபளன்னு ஆயிடும். ரோஜாச் செடியில பூச்சி இருக்கே, அதுக்கும் இதையே தெளிங்க.”

“அடுத்த வாரம் இதுல கப்பல் ஓட்டலாம்னு சொல்வீங்க!”

மரம் வெட்டுபவர் சிரித்துவிட்டார். அன்றும் மரத்தில் ஒரு இலைகூட உதிரவில்லை. வெள்ளிக் கொலுசு மட்டும் பளபளத்தது.

மூன்றாவது வாரம், தலைக்குத் தேய்த்தால் பேன் போகும் என்றார். கொட்டையைக் காயவைத்துப் பொடி செய்து வைத்தால் வருஷம் முழுக்கக் கெடாது என்றார். அவர் போனதும் மனைவி கணவர் முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“பாருங்க. ஒரு விரல்லயாவது எரிச்சல் இருக்கா? ரெண்டு வாரமா சோப்புத் தூளைத் தொடல. நேத்து ராப்பகலா ரெண்டு ரவிக்கை தைச்சிருக்கேன். மரத்துல யாராவது கை வெச்சீங்க, நான் பொல்லாதவளா ஆயிடுவேன்!”

“சரி, வெட்டல.”

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“அப்ப அந்த அண்ணன்கிட்ட இனிமே வர வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரச் சொல்லியிருக்கேனே.”

“எதுக்கு? வெட்டணும்னா மெஷின் ரம்பத்தோட ஊர்ல பத்துப் பேர் இருக்காங்க. ஏணியில காலே வைக்காத மனுஷனை எதுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிடுறீங்க?”

கணவர் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவரால ஏற முடியாது. போன வருஷம் எங்க தொழிற்சாலையில கிளை கழிக்கும்போது கீழே விழுந்துட்டாரு. எலும்பு கூடிடுச்சு, பயம் போகல. நான் கூப்பிடுற வரைக்கும் எட்டு மாசமா வீட்டு வாசலைத் தாண்டல. இப்ப, ஏறாம இருக்க ஒரு சாக்கு வேணும்னு, வாரம் பூரா நாலு பேரைப் பார்த்து இந்த மரத்தைப் பத்திக் கேட்டுட்டு வராரு. நேத்து கடைத்தெருவுல பார்த்தேன். யார்கூடவோ சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாரு.”

“ஐயோ பாவம்! ஆனா, அதுக்காக நீங்க ஏன் இவ்வளவு...”

“அன்னைக்குக் கீழே ஏணியைப் பிடிச்சுக்கிட்டு இருந்தவன் நான்தான். போன் அடிச்சுதுன்னு கையை எடுத்தேன். இன்னை வரைக்கும் அவர் அதை யார்கிட்டயும் சொல்லல.”