பூதத்தின் அடியில்

அச்சுக்காரரின் கை மிஷினில் நசுங்கியது என்ற சேதியைப் படச் சட்டக்காரர் பல வருஷமாக நம்பவில்லை. ஒருவேளை தன் புத்திதான் கோணலோ என்று தன்னையே திட்டிக்கொண்டதும் உண்டு.

படங்களுக்குச் சட்டம் போடுவதும், சிலைகளுக்குப் பீடம் செய்வதும் அவர் தொழில். அவர் வழக்கமாக வேலைக்குப் போகும் வீட்டில் புருஷன், பலகையில் செதுக்கி மை தடவி அச்சுப்படம் எடுப்பவர். பெண்டாட்டி கல்லில் சிலை செதுக்குகிறவள். இருவருக்கும் சரக்கு என்னவோ நாட்டுப்புறக் கதைகள்தான்: பேய், பூதம், பேசுகிற பறவை.

அச்சுக்காரரின் வலது கை விரல்கள் நசுங்கிப் போனவை. இப்போதெல்லாம் இடது கையால்தான் செதுக்குகிறார்.

"கையில என்ன சார்?" என்று யார் கேட்டாலும் பெண்டாட்டி முந்திக்கொள்வாள்.

"நான் கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள, மிஷின் உருளைக்குள்ள கையைக் கொடுத்துட்டு வேடிக்கை பார்த்த மகராசன்!"

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவரும் அசட்டுச் சிரிப்போடு தலையைச் சொறிவார்.

சட்டக்காரருக்கு இடித்தது அங்கேதான். அது கையால் சுற்றுகிற அச்சு மிஷின்; உருளையைச் சுற்றுவதே வலது கைதான். கை நின்றால் உருளையும் நிற்கும். சுற்றுகிற கை எப்படி உள்ளே போகும்?

கண்காட்சிக்கு முந்தின நாள் அது. முன்னறையில் விருந்தாளிகள். அவள் மறுபடியும் அதே பாட்டைப் பாடிவிட்டுப் பின்கட்டுக்கு வந்தாள்.

சட்டக்காரரால் பொறுக்க முடியவில்லை. "அண்ணனை நாலு பேர் முன்னாடி இப்படி மட்டம் தட்டணுமா அக்கா?"

"என் புருஷன், நான் திட்டுறேன். உனக்கு ஏன் தம்பி எரியுது? பூதத்தைச் சாய்க்கணும், கயிற்றைப் பிடி."

இந்த வீட்டில் இதுதான் கடைசி வேலை என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

வெள்ளைக் கல் பூதம். அந்த வீட்டிலேயே பழைய சிலை. பலர் கேட்டும் அவள் விற்கவில்லை.

"முட்டு கொடுத்தியா?"

"கொடுத்தாச்சுக்கா."

"நல்லாப் பாரு. முட்டு இல்லாம விட்டா இது ஆளைச் சாய்ச்சிடும். எனக்குத் தெரியும்."

பீடத்துக்கு அளவெடுக்கச் சட்டக்காரர் தரையோடு தரையாகப் படுத்து, சாய்த்த சிலையின் அடிப்பாகத்தைப் பார்த்தார்.

வெள்ளைக் கல்லில் கறுப்பு மை. நான்கு விரல்களின் தடம். வலது கை விரல்கள். பாரம் அழுத்தியதில் மை பரந்து, கல்லுக்குள் இறங்கியிருந்தது.

அச்சு மை பூசிய கை. சாய்ந்த சிலையைத் தாங்கப் போன கை.

அப்படியானால் அது மிஷின் செய்த வேலையே இல்லை. முட்டுக் கொடுக்காமல் கடைக்குப் போனவள் மனசு உடைந்துவிடக் கூடாது என்று, அவர் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டிருக்கிறார். பாவம், இது தெரியாமல் இவள்...

சட்டக்காரர் எழப் போனவர், மறுபடி குனிந்து பார்த்தார். அந்த மை அழியாமல் இருக்க, அதன் மேல் யாரோ மெல்லிசாக வார்னிஷ் பூசியிருந்தார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவை. சிலைக்கு வார்னிஷ் பூசுகிறவள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"அக்கா... அண்ணன் சொன்னதை நீங்க நம்பிட்டதா அவர் கடைசிவரைக்கும் நினைக்கணும்னுதான், இத்தனை வருஷமா அவரைத் திட்டிக்கிட்டே இருக்கீங்களா?"